எக்ஸ்ரேக்காரியின் அதிர்ச்சிகள்

மற்றத் தொழில்காரர்கள் ஆட்களை முகத்தைப் பார்த்துப் பழகுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு முதலில் தெரிவது விலா எலும்புதான். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் யாராவது சிரித்துக்கொண்டே "நல்லாருக்கியளா?" என்று கேட்டால் எனக்கு ஆள் பிடிபடாது. "போன மாசம் இடுப்புக்கு வந்தேன்லா" என்று சொல்லிவிட்டால் போதும், தேய்ந்துபோன அந்த முதுகெலும்பு அப்படியே கண் முன்னால் வந்து நிற்கும்.

நீங்களும் என்றைக்காவது எங்களிடம் வந்து மாட்டியிருப்பீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, ஐஸ் மாதிரிக் குளிர்கிற பலகையில் நெஞ்சை ஒட்டி, தாடையைத் தூக்கி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருகிற "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு நின்றிருப்பீர்கள். படம் எடுத்தவள் வெளியே வரும்போது, "உள்ளே என்னத்தைப் பார்த்தாளோ, முகமே சரியில்லையே" என்று உங்களுக்குப் பயம் வந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன், பல நேரம் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். உடம்புக்குள் எது எங்கே இருக்கும், எது என்ன வேலை செய்யும் என்றெல்லாம் படித்துப் பாஸ் பண்ணித்தான் வந்தேன். ஆனால் படித்த உடம்பு மாதிரி வந்து நிற்கிற உடம்பு எப்போதும் இருந்துவிடுவதில்லை.

எங்கள் சென்டரில் படங்களைப் பார்த்து முடிவு சொல்கிற டாக்டரம்மா இருக்கிறார். நோயாளிகளைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிற ஆயா பேச்சியம்மாள் அக்கா இருக்கிறாள். அப்புறம் நான், எஸ்தர். மற்றபடி இனி இந்தக் கதைகளில் வருகிற எல்லோரும் உங்களைப் போல வந்து மாட்டியவர்கள்தான். அவர்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வலது பக்கத்து இதயம்

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, சேருவதற்கு முன்னால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். நெஞ்சுப் படம் எடுப்பது எனக்குக் காப்பி ஆற்றுகிற வேலை மாதிரி. நிறுத்தினேன், மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், எடுத்தேன். திரையில் படம் வந்ததும் என் மூச்சு நின்றுவிட்டது. இதயம் நெஞ்சுக்கு நடுவில், கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து இருக்க வேண்டும். இவனுக்கு வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

இடம் வலம் தெரிவதற்காகப் பலகையின் ஓரத்தில் ஈய எழுத்து ஒன்று ஒட்டுவோம். அதை மாற்றி ஒட்டிவிட்டேன் போல என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவன் தோளில் கையை வைத்து, "தம்பி, இது வலதுதான?" என்று கேட்டேன். "ஆமாக்கா, இந்தக் கையாலதான் சாப்பிடுதேன்" என்று அவன் பயந்துபோய்ச் சொன்னான். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அதே படம். ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பை அவனுடைய இடது மார்பில் வைத்தார், நெற்றியைச் சுருக்கினார், வலது பக்கம் மாற்றி வைத்தார், பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். வலது முலைக்காம்புக்குக் கீழே கும்கும் என்று அடித்துக்கொண்டிருந்தது. வயிற்றை ஸ்கேன் பண்ணினால் அங்கேயும் அப்படித்தான். வலது பக்கம் இருக்க வேண்டிய கல்லீரல் இடது பக்கம், இடது பக்கம் இருக்க வேண்டிய இரைப்பையும் மண்ணீரலும் வலது பக்கம். கண்ணாடிக்குள் தெரிகிற ஆள் எழுந்து வெளியே வந்து நின்ற மாதிரி இருந்தான்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. "வேலை போச்சாக்கா?" என்றான். டாக்டரம்மா இதயத்துக்கான ஸ்கேனான எக்கோவும் எடுத்துப் பார்த்தார். இதயத்தின் நாலு அறைகளும் ஒழுங்காக இருந்தன, வால்வுகள் ஒழுங்காகத் திறந்து மூடின, ரத்தம் போக வேண்டிய வழியில் போய் வந்துகொண்டிருந்தது. "ஒரு குறையும் இல்ல. ஆனா எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மொதல்ல இதைச் சொல்லிரணும். குடல்வால் வீங்குனா எல்லாருக்கும் அடிவயித்துல வலது பக்கம் வலிக்கும், ஒனக்கு இடது பக்கம் வலிக்கும். தெரியாத டாக்டர் தப்பாப் புரிஞ்சுக்குவாரு" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் இன்னும் திகைப்பு அடங்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குப் போயி ஏந்தாயி இப்படி முழிக்கிய? எங்க ஊர்ல எல்லாரும் கெணத்துல மோட்டார இடது பக்கம் வச்சிருக்காவ, நான் வலது பக்கம் வச்சிருக்கேன். தண்ணி வரத்தான செய்யுது?"

மூச்சுவிட்டால் விசில்

எக்ஸ்ரே அறைக்குள் யாரோ விசில் அடித்தார்கள். நான் படுக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "யாரது?" என்று கோபமாகத் திரும்பினால், சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், அபிநயா, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் மூடித்தான் இருந்தது. அவள் மூச்சை வெளியே விட்டாள். கீ... என்று நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், நின்றது. விடச் சொன்னேன், கீ. என் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

"இப்படித்தான்க்கா ஒரு மாசமா இருக்கு" என்று அவளுடைய அம்மா அழ ஆரம்பித்தாள். முதலில் சளி என்றார்களாம், அப்புறம் ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்களாம். தூக்கத்திலும் அந்தச் சத்தம் கேட்டதால் பக்கத்து வீட்டார் பேய், பிசாசு என்று பேசத் தொடங்க, அவளுடைய அப்பா திருநீறு போட்டு, கையில் கயிறும் கட்டிவிட்டிருந்தார். இப்போது காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. மூச்சை இழுக்கச் சொல்லி ஒரு படம், முழுசாக விடச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். நுரையீரல் இழுக்கும்போது பலூன் மாதிரி விரிந்து, விடும்போது சுருங்க வேண்டும். இடது நுரையீரல் அப்படித்தான் செய்தது. வலது நுரையீரல் சுருங்கவே இல்லை, உள்ளே போன காற்று மாட்டிக்கொண்டு உப்பிப் போய் கறுப்பாகத் தெரிந்தது.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தவுடனேயே குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, "ஏட்டி, எதையாவது முழுங்குனியா? அம்மா அடிக்க மாட்டாவ, சொல்லு" என்று கேட்டார். அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் சொன்னாள். அழுத்தினால் கத்துகிற ரப்பர் வாத்து பொம்மையின் அடியில் இருக்கிற சின்ன விசிலைப் பல்லால் கடித்து எடுத்து, வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாளாம். சிரித்ததில் உள்ளே போய்விட்டது. நம் மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. அதில் வலது கிளை இடதைவிட அகலம், அதோடு நேராகக் கீழே இறங்குகிறது, அதனால் தவறி உள்ளே போகிற பொருள் பெரும்பாலும் அங்கேதான் போய் விழும். பிளாஸ்டிக் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியவில்லை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்த நுரையீரலே கெட்டுப் போயிருக்கும் என்று சொன்னார்களாம். மறுபடி படம் எடுக்க வந்தபோது அபிநயா கண்ணாடிக்குப் பின்னால் நின்ற என்னிடம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஆண்ட்டி, இப்போ நான் சிரிச்சா சத்தமே வரமாட்டங்கு. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேக்காவ, திரும்ப வைக்க முடியுமா?"

பல் களவு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தொண்டை வலி, எச்சில் விழுங்க முடியவில்லை என்று மகனும் மருமகளும் கூட்டி வந்திருந்தார்கள். காத்திருக்கிற இடத்திலேயே மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்ததிலிருந்து அவருடைய கழற்றி மாட்டுகிற பல்செட்டைக் காணவில்லை. மருமகள்தான் வீட்டைப் பெருக்கும்போது குப்பையோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள் என்பது அவர் முடிவு. குரல் கரகரத்தது, அப்படியும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கழுத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். மூச்சுக்குழலுக்குப் பின்னால், உணவுக்குழலுக்குள், பல்செட்டைப் பிடித்து நிறுத்துகிற வளைந்த கம்பி இரண்டு பளபளவென்று தெரிந்தது. எனக்கு வாயே மூடவில்லை. நாம் சாப்பிடுவது தொண்டையிலிருந்து தானாக விழுந்து வயிற்றுக்குப் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். உணவுக்குழல் ஒரு சாண் நீளத் தசைக்குழல். மேலிருந்து கீழே பிதுக்கிப் பிதுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது, அதனால்தான் படுத்துக்கொண்டு தின்றாலும் இறங்குகிறது. ஐயா பந்தியில் அவசரமாக விழுங்கிய ஒரு வாய்ச் சோற்றோடு பல்செட்டும் போய், கம்பி குழலின் சுவரில் கொளுவிக்கொண்டது. அது குழலைக் கிழித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளையாகக் கிழியவில்லை. எண்டோஸ்கோப்பி பண்ணி எடுத்தார்கள். அதற்கு முன்னால், படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியபோது ஐயா சத்தத்தை நிறுத்தினார். மருமகள் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "மாமா, இனிமே வீட்ல எதைக் காணலேன்னாலும் மொதல்ல இங்கன வந்து ஒரு படம் எடுத்துக்கிடுவோம், அப்புறமா என்னை ஏசுங்க."

சாவியைத் தா

மார்க்கெட் பக்கம் பெயிண்டுக் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சி முழங்கால் படம் எடுக்க வந்தார். ஏற்கெனவே அடிக்கடி வருகிறவர்தான். வந்தால் சும்மா இருக்க மாட்டார், பேச்சியம்மாள் அக்காவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். அன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கூப்பிடப் போனபோது, "சாவியைத் தா" என்று அவர் மனைவியிடம் கேட்டார். மனைவி பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி தலையை ஆட்டி, "சாவி, சாவி" என்று எரிச்சலாகச் சொல்லி, இடது கையால் குடிக்கிற மாதிரி ஜாடை காட்டினார். "வெளையாட்டுக்கு நேரங்காலம் கெடையாதா ஒங்களுக்கு? தண்ணியத் தான்னு கேட்டா என்ன?" என்று மனைவி சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திறந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் தொங்கிப் போயிருந்தது. வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. "கொடுக்காதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் பாட்டில் கீழே விழுந்தது. மூளையின் இடது பாதிதான் வலது கை காலை ஆட்டிவைக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான். அங்கே ரத்தம் நின்றுவிட்டால், மனசில் தண்ணீர் என்று இருக்கும், வாயில் சாவி என்று வரும். விழுங்குகிற தசையும் அந்த நேரத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அண்ணாச்சியோ தாகத்தில் என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறார். நான் கொடுக்க மாட்டேன் என்கிறேன். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்தப் பிழைப்பில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அது.

உடனே மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரத்தம் கசிந்திருந்தால் ஒரு வைத்தியம், அடைத்திருந்தால் வேறு வைத்தியம். மாற்றிக் கொடுத்தால் ஆளே போய்விடுவார், அதனால்தான் முதலில் படம். கசிவு இல்லை. டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை நேரத்துக்குள் ஏற்ற முடிந்தது. அவர் மனைவி மட்டும், "நான் சிரிச்சேனே, அவரு முடியாமக் கேக்கையில நான் சிரிச்சேனே" என்று எங்கள் வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அக்காதான் அவரைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

பல மாசம் கழித்து, நிறுத்தியிருந்த முழங்கால் படத்தை எடுக்க அண்ணாச்சி வந்தார். குச்சி ஊன்றிப் பைய நடந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத்தான் பேச முடிந்தது. எனக்கு நேராக வந்து நின்றார், மனைவி கையிலிருந்த பாட்டிலைக் காட்டினார், ரொம்பத் தெளிவாகச் சொன்னார்: "தண்ணி. இப்பவாவது குடிக்க விடுவியளா, தாயி?"

வயிற்றில் ஆறு

இது என் கதை. கொஞ்ச காலமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தது. தோள்பட்டை வரை போனது. வாயு என்று நானே முடிவு பண்ணி, இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்த்தேன். ஒரு கிறிஸ்மஸ் சமயம், சர்ச்சில் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தவள், நோயாளி படுக்கிற படுக்கையிலேயே சுருண்டுவிட்டேன். டாக்டரம்மா என் வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பாமல் இருந்திருக்கலாம்.

கல்லீரல் சுரக்கிற பித்தநீரைச் சேர்த்து வைக்கிற சின்னப் பை அதன் அடியில் தொங்குகிறது. கொழுப்பான சாப்பாடு குடலுக்குள் வந்ததும் அந்தப் பை சுருங்கிப் பித்தநீரைப் பிழிந்து விடும். கொழுப்பைக் கரைக்கிறது அதுதான். என் பைக்குள் பித்தநீருக்கு இடமே இல்லை. கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கற்கள். பை சுருங்கும்போதெல்லாம் அவற்றில் ஒன்று வாசலில் வந்து அடைத்துக்கொள்ள, நான் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனையோ பேருக்கு இதே படத்தைப் பார்த்து "பயப்படாதீங்க" என்று சொன்னவள், "ஐயோ, டாக்டரம்மா, இது நானா?" என்று கத்திவிட்டேன். பையையே ஆபரேஷன் பண்ணி வெளியே எடுத்துவிட்டார்கள். அது இல்லாமலும் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, சாப்பாடு செரிக்கிறது. ஆனால் அன்றைக்குத் திரையை எட்டிப் பார்த்த பேச்சியம்மாள் அக்கா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு சொன்னது இன்னும் எங்கள் சென்டரில் பேச்சாக இருக்கிறது: "யம்மாடி, குறுக்குத்துறை ஆத்துல குளிக்கப் போனவ கூழாங்கல்லையெல்லாம் முழுங்கிட்டா வந்திய?"

காலியான இடம்

வேலு ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரந்தோறும் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டிருந்தார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், விலாவுக்கு அடியில், கைமுஷ்டி அளவில் இருக்கிற இந்த இரண்டு உறுப்புதான் ரத்தத்தை நாள் முழுக்க வடிகட்டி, கழிவைச் சிறுநீராகப் பிரித்து அனுப்புகிறது. அது நின்றுவிட்டால் மனுஷன் தன் கழிவிலேயே மூழ்குகிறான். அவர் முகமும் கை காலும் வீங்கிப் போயிருந்தன. அவருடைய மனைவி செல்வராணி தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுப்பதாக முடிவு பண்ணியிருந்தாள். தையல் வேலை செய்கிறவள், சின்ன உருவம். வேலு ஒத்துக்கொள்ளவே இல்லையாம். "ஏதாவது ஆயிட்டா பிள்ளைகள யாரு பாக்கது?" என்று அவர் கேட்க, "ஒங்களுக்கு ஏதாவது ஆயிட்டா மட்டும் யாரு பாக்கது?" என்று அவள் சண்டை போட்டுத்தான் பரிசோதனைக்கு வந்திருந்தாள். கூடவே வேலுவும், துணைக்கு அவளுடைய அண்ணன் சுடலைமுத்துவும் வந்திருந்தார்கள்.

டாக்டரம்மா ஸ்கேன் பண்ணினார், நான் பக்கத்தில் நின்றேன். வலது பக்கம் பார்த்து முடித்து, இடது பக்கம் வந்தார். கருவியை அழுத்தினார், சரித்தார், அவளைத் திரும்பிப் படுக்கச் சொன்னார். சிலருக்குச் சிறுநீரகம் இடம் மாறி இடுப்புக்குள் இருக்கும் என்பதால் அடிவயிறு வரைக்கும் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இடது பக்கம் குடல் தெரிந்தது, மண்ணீரல் தெரிந்தது. சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. செல்வராணி கூரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லாருக்கா டாக்டர்? அவுகளுக்குச் சேருமா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எப்பமாவது ஆபரேஷன் நடந்திருக்காம்மா?" என்று டாக்டரம்மா பைய விசாரித்தார். இரண்டு பிரசவமும் சிசேரியன் என்றாள். வெளியே விஷயத்தைச் சொன்னதும் சுடலைமுத்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "களவாண்டுட்டானுவ! பிள்ளையெடுக்கேன்னு வயித்தக் கிழிச்சி ஏந் தங்கச்சி கிட்னியக் களவாண்டுட்டானுவ! அந்த ஆஸ்பத்திரிய நான் சும்மா விடமாட்டேன்" என்று அவர் கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது. எனக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் தட்டத்தான் செய்தது. டாக்டரம்மா மட்டும் குரலை உயர்த்தாமல், சி.டி. எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

படத்தை டாக்டரம்மா சுடலைமுத்துவைப் பக்கத்தில் உட்கார வைத்தே காட்டினார். முதுகெலும்புக்கு முன்னால் இறங்குகிற பெரிய ரத்தக்குழாயிலிருந்து வலது சிறுநீரகத்துக்கு ஒரு கிளை போகிறது. இடது பக்கம் கிளையே இல்லை. வெட்டிக் கட்டிய அடையாளம் இல்லை, கிளிப் இல்லை, தழும்பு இல்லை, சிறுநீர்ப் பைக்கு இறங்குகிற குழாயும் அந்தப் பக்கம் இல்லை. "அண்ணாச்சி, யாராவது எடுத்திருந்தா வெட்டுன குழாயோட அடி இருக்கும். இங்க குழாயே மொளைக்கல. ஒங்க தங்கச்சி கருவுல இருக்கும்போதே இப்படித்தான்" என்றார். வலது சிறுநீரகம் இரண்டின் வேலையையும் தானே எடுத்துச் செய்து, சாதாரண அளவைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு அவள் ஆரோக்கியமாகவே வாழலாம், ஆனால் அதைக் கொடுக்க முடியாது. சுடலைமுத்து படத்தில் அந்தக் காலியான இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் கூடியிருந்தவர்களிடம் போய், "ஒண்ணுமில்ல வே, போங்க" என்று தானே சொல்லி அனுப்பிவைத்தார்.

கடைசியில் வேலுவுக்கு அவருடைய அக்கா கொடுத்தார். நல்லபடியாகப் பொருந்திவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார், கை நடுக்கம்கூட இல்லாமல் போர்டில் வட்டம் போடுகிறாராம். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அன்றைக்கு எங்கள் பெஞ்சில் நடந்ததுதான். செல்வராணி தன்னிடம் இல்லாமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒங்களுக்குக் குடுக்க முடியாமப் போச்சே" என்று அவர் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள். வேலு வீங்கிய கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு இருந்தும் என்னால ஒழுங்கா ஓட்ட முடியல. நீ ஒத்தையை வச்சிக்கிட்டு ரெண்டு பிள்ளையையும் பெத்து, இத்தன நாளும் என்னையும்லா சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கெ."

இத்தனை வருஷம் இத்தனை பேருக்குள்ளே பார்த்த பிறகும், திரையில் படம் விழுகிற அந்த நேரத்தில் பலகையில் நிற்கிறவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம் என்பதை மட்டும், தயவுசெய்து எங்கள் சென்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிற யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.